கார்க் கண்ணாடியில் உறைபனி: டொரொண்டோவில் முதல் குளிர்காலத்துக்கு

டொரொண்டோவில் முதல் குளிர்காலத்தைக் காரோடு கழிக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். காலையில் வேலைக்குக் கிளம்பினால் முன்கண்ணாடி முழுக்க வெள்ளையாக, சொரசொரவென்று உறைபனி. இதற்கு இரவில் பனி பெய்திருக்கவே வேண்டாம். மேகமில்லாத இரவில் கண்ணாடி தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். காற்றின் ஈரம் அதன்மேல் படிகமாகப் படியும். வானிலை அறிக்கை 2 டிகிரி என்று சொன்ன நாளிலும் சுரண்ட வேண்டிவருவது இதனால்தான்.

முதலில் சைலன்சர் குழாயைப் பாருங்கள். பனி அடைத்திருந்தால் தள்ளிவிட்டு, அப்புறம் எஞ்சினைப் போடுங்கள். குழாய் அடைத்திருந்தாலோ கராஜ் மூடியிருந்தாலோ மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு சேர்ந்து ஆளையே கொல்லும்.

அடுத்து முன்கண்ணாடிமேல் வெப்பக்காற்றை ஊதும் டிஃப்ராஸ்ட், பின்கண்ணாடிச் சூடு இரண்டையும் போடுங்கள். உள்காற்றையே சுற்றவிடும் பட்டன் அணைந்திருக்கட்டும். வைப்பரைத் தொடாதீர்கள், ரப்பர் கண்ணாடியோடு உறைந்து ஒட்டியிருக்கும், இழுத்தால் கிழியும்.

சரி, இனி சுரண்டல். பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர் போதும், உலோகம் கீறிவிடும். வெப்பக்காற்று கீழிருந்து வருவதால், கண்ணாடியின் அடியில் விரலளவுக்கு ஈரக்கோடு ஒன்று தெரியும். அங்கிருந்து தொடங்குங்கள். ஸ்கிரேப்பரைச் சாய்த்துப் பிடித்து நீளமாகத் தள்ளினால், துருவிய தேங்காய்போல் பனி உதிரும். கெட்டியாக இருந்தால், மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து தெளித்து, ஒரு நிமிடம் விடுங்கள். எவ்வளவு அவசரமானாலும் வெந்நீர் ஊற்றாதீர்கள். கண்ணாடி விரிசல் விடும்.

முதல் வருடம் தட்டளவு இடத்தை மட்டும் சுரண்டிக்கொண்டு நான் கிளம்பினேன். தெருமுனையில் பள்ளிப் பையோடு கடந்த பிள்ளை கடைசி நொடியில்தான் கண்ணில் பட்டது. பிரேக் பிடித்த கால் வெகுநேரம் நடுங்கியது. ஒன்டாரியோவில் அப்படி ஓட்டுவது சட்டப்படியும் குற்றம். முன், பின், பக்கக் கண்ணாடிகள், விளக்குகள் எல்லாவற்றையும் துடைத்த பிறகே நகருங்கள்.

கண்ணாடி கழுவப் பீய்ச்சும் வாஷர் திரவம் மைனஸ் 40 என்று போட்டதாக வாங்குங்கள். அதில் மெத்தனால் என்ற நச்சு உண்டு, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

இரவில் காரை நிறுத்தியதும் கண்ணாடிமேல் உறை போட்டால் காலையில் பாதி வேலை மிச்சம். காரில் ஏறும்போது சப்பாத்தின் பனியைத் தட்டிவிட்டு ஏறுங்கள். கால்விரிப்பில் உருகும் அந்தத் தண்ணீர்தான் மறுநாள் கண்ணாடியின் உள்பக்கம் உறைந்து கிடக்கும்.