இங்கிலாந்தில் வீட்டை மாற்றியமைக்கக் கவுன்சில் மானியம் பெறும் வழி

முதுமையாலோ நோயாலோ உடற்குறையாலோ தம் வீட்டுக்குள்ளேயே நடமாடச் சிரமப்படுபவருக்கு, அந்த வீட்டை ஏற்றவாறு மாற்றியமைப்பதற்காக இங்கிலாந்துக் கவுன்சில்கள் (உள்ளாட்சி மன்றங்கள்) வழங்கும் மானியம் ‘டிஸேபிள்ட் ஃபெசிலிட்டீஸ் கிராண்ட்’, சுருக்கமாக டி.எஃப்.ஜி. எனப்படுகிறது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தகுதியுள்ளவருக்கு இதைக் கொடுப்பது கவுன்சிலின் கடமை; நிதி இல்லை என்று சொல்லி மறுக்க முடியாது. உச்சவரம்பு இங்கிலாந்தில் 30,000 பவுண்ட், வேல்ஸில் 36,000 பவுண்ட்; ஸ்காட்லாந்தின் ஏற்பாடு வேறு. படிக்கட்டு லிஃப்ட், தரையோடு சமமான ஷவர், வாசலில் சாய்தளம், அகலமான கதவு, சக்கர நாற்காலியிலிருந்து சமைக்கத் தோதான சமையலறை, போதிய வெப்பமூட்டும் வசதி ஆகியவை இதில் அடங்கும்.

கைப்பிடி பொருத்துவது போன்ற, 1,000 பவுண்டுக்கு மேற்படாத சிறு மாற்றங்களுக்கு இந்த மானியம் தேவையில்லை. தேவை இருப்பதாக மதிப்பீட்டில் தெரிந்தால், 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் இங்கிலாந்தில் அவற்றை இலவசமாகவே செய்து தர வேண்டும்.

முதலில் கவுன்சிலின் வயதுவந்தோருக்கான சமூகப் பராமரிப்புப் பிரிவை அழைத்து, ஓ.டி. எனப்படும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டின், அதாவது அன்றாட வேலைகளைச் செய்ய என்ன உதவி தேவை என்று பார்க்கும் நிபுணரின், மதிப்பீட்டைக் கேளுங்கள். அவர் வரும் நாளே இதில் மிக முக்கியமானது என்பது என் கருத்து. வீட்டுக்கு வந்தவர் முன்னால் “எனக்கு ஒன்றுமில்லை, சமாளித்துக்கொள்வேன்” என்று சொல்வது நம் பெரியவர்களின் இயல்பு; அந்த ஒரு வாக்கியமே அறிக்கையில் ஏறினால், தேவை குறைவாகப் பதிவாகிவிடும். ஆகவே உதவி தேவைப்படுபவர் விழுந்த நாட்கள், கழிவறைக்குப் போகப் பிறர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருப்பது, குளிக்காமல் விட்ட நாட்கள் ஆகியவற்றை முன்கூட்டியே எழுதி வையுங்கள். உடல்நிலை மோசமாக இருக்கும் நாளில் நடப்பதைச் சொல்லுங்கள். ஆங்கிலம் தெரியாதவருக்காக மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம்.

அந்த மாற்றம் அவருக்கு அவசியமானதா, பொருத்தமானதா என்பதை இந்த மதிப்பீடு காட்டுகிறது. வீட்டின் வயதையும் நிலையையும் பார்த்து, அது நியாயமானதா, நடைமுறையில் செய்யக்கூடியதா என்பதைக் கவுன்சிலின் வீட்டுவசதிப் பிரிவு தீர்மானிக்கிறது. அதன் பிறகு முறையான விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டும். வேலைக்கான விலைமதிப்பீடுகளும், பயனாளி அந்த வீட்டில் ஐந்து ஆண்டுகள் வசிக்க எண்ணுகிறார் என்ற சான்றும் அதனுடன் சேர வேண்டும். வாடகை வீடானால் உரிமையாளரின் சம்மதமும் வேண்டும். முழுமையான விண்ணப்பம் கிடைத்த 6 மாதத்துக்குள் கவுன்சில் எழுத்தில் முடிவு சொல்லியாக வேண்டும். தொலைபேசியில் விசாரித்த நாளும் காத்திருப்புப் பட்டியலில் பெயர் ஏறிய நாளும் இந்தக் கணக்கில் வராது என்பதால், விண்ணப்பப் படிவத்தை எழுத்து மூலம் கேட்டு வாங்கி, கொடுத்த தேதிக்குச் சான்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்புதல் வருவதற்கு முன் வேலையைத் தொடங்கிவிட்டால் மானியம் கைவிட்டுப் போகக்கூடும்.

பயனாளியின் வருமானத்தையும் சேமிப்பையும் பார்க்கும் பணவசதிச் சோதனையைப் பற்றிய தவறான எண்ணத்தால் விண்ணப்பிக்காமலே விட்டுவிடும் குடும்பங்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. மகன் வீட்டில் வசிக்கும் தாய்க்காக அந்த மகனே உரிமையாளராக விண்ணப்பித்தாலும், கணக்கில் எடுக்கப்படுவது தாயின் வருமானமும் சேமிப்பும், கணவர் இருந்தால் அவருடையதும் மட்டுமே. மகன், மருமகளின் சம்பளம் அதில் சேராது. குடியிருக்கும் வீட்டின் மதிப்பும் சேராது. சேமிப்பில் முதல் 6,000 பவுண்ட் விலக்கப்படும். குறைந்த வருமானமுள்ளவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகைகளான பென்ஷன் கிரெடிட்டின் உத்தரவாதப் பகுதியையோ யூனிவர்சல் கிரெடிட்டையோ பெறுபவர் தம் பங்காக எதுவும் கட்ட வேண்டியதில்லை. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கான விண்ணப்பத்தில் இந்தச் சோதனையே கிடையாது.

சொந்த வீடானால் ஒன்றைக் கவனத்தில் கொள்ளுங்கள். மானியம் 5,000 பவுண்டைத் தாண்டியிருந்து, வீட்டை 10 ஆண்டுகளுக்குள் விற்றால், தாண்டிய தொகையில் 10,000 பவுண்ட் வரை கவுன்சில் திரும்பக் கேட்கலாம்; கையெழுத்திடும் முன் இந்த நிபந்தனையைப் படித்துப் பாருங்கள்.

மறுப்பு வந்தால் அதற்கான காரணத்தைக் கவுன்சில் எழுத்தில் தர வேண்டும். அந்தக் காரணத்தை ஓ.டி.யின் அறிக்கையோடு ஒப்பிட்டு, முதலில் கவுன்சிலிடமே முறைப்படி புகார் செய்யுங்கள். தீராவிட்டால், கவுன்சில்கள் மீதான புகார்களைச் சுதந்திரமாக விசாரிக்கும் உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஓம்பட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம். காலக்கெடு தாண்டிய தாமதத்துக்கும் இதே வழிதான்.