மலிவான சிம்முக்கு மாறும் முன்: சேலத்திலும் ஏற்காட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 ஜூலை முதல் வாரத்தில் ஜியோ, ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா) மூன்றும் அடுத்தடுத்துக் கட்டணத்தை உயர்த்தின. 28 நாளுக்கான மிகக் குறைந்த பேக் ஜியோவில் 155 ரூபாயிலிருந்து 189 ஆனது. ஏர்டெலில் 179 ரூபாய் 199 ஆனது. அந்த ஒரு மாதத்தில் மட்டும் பிஎஸ்என்எல்லுக்கு நாடு முழுவதும் ஏறத்தாழ 29 லட்சம் இணைப்புகள் கூடின. அதே ஆண்டு நவம்பரில் பிஎஸ்என்எல்லின் மொத்த இணைப்புகள் குறையத் தொடங்கிவிட்டன. ஆசையோடு போனவர்களில் ஒரு பகுதியினர் சில மாதங்களிலேயே கிளம்பிவிட்டார்கள் என்பதுதான் இதற்குப் பொருள்.

மலிவான நிறுவனத்துக்கு மாறுவதை நான் குறை சொல்லவில்லை. தறிக் கூலியிலும் எஸ்டேட் கூலியிலும் நடக்கும் குடும்பத்துக்கு மாதம் நூறு ரூபாய் மிச்சம் என்பது பெரிய காரியம். ஆனால் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்கப் போகிறவர் எடையைப் பார்க்காமல் விலையை முடிவு செய்வதில்லை. சிம் விஷயத்தில் எடை என்பது சிக்னல். உங்கள் அழைப்பு கட்டாயம் போய்ச் சேர வேண்டிய இடங்கள் எவை, அங்கே அந்த நிறுவனத்தின் சிக்னல் எப்படி இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். விலைப்பட்டியலை அதற்குப் பிறகு பார்த்தால் போதும்.

ஒரு மாதத்துக்குக் கணக்குப் போடுவது

28 நாள் பேக் போடுகிறவர் ஆண்டுக்கு 12 முறை ரீசார்ஜ் செய்வதில்லை, 13 முறை செய்கிறார். 199 ரூபாய் பேக் என்றால் ஆண்டுக்கு 2,587 ரூபாய். நான்கு பேர் உள்ள வீட்டில் அது பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும்போது பேக் விலையை நாள் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். ஒன்றில் 28 நாள், இன்னொன்றில் 30 நாள், மற்றொன்றில் 84 நாள் என்று இருக்கும்போது மேலே அச்சிட்ட விலையை மட்டும் ஒப்பிடுவதில் பயனே இல்லை.

பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. வீட்டில் பெரியவர்கள் நெட் பயன்படுத்துவதில்லை, ஆனாலும் டேட்டாவோடு சேர்ந்த பேக்கையே போட வேண்டியிருக்கிறது என்ற மனக்குறை நீண்ட காலமாக இருந்தது. 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதற்கு ஒரு விதி கொண்டுவந்தது. பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான பேக்குகளைத் தனியாகத் தர வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் நிறுவனங்கள் அவற்றை வெளியிட்டன. கடைப் பலகைகளில் இவை அதிகம் கண்ணில் படாது. நீங்களாகக் கேட்க வேண்டும். அப்பாவின் எண்ணுக்கு இந்தப் பேக் போட்டாலே செலவு குறையும் என்றால் நிறுவனத்தை மாற்ற வேண்டிய அவசியமே எழாது.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. இப்போது 5ஜி-யில் அளவில்லாமல் படம் பார்க்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில், விலை குறைந்த பேக்குக்குப் போனால் அந்தச் சலுகை அப்படியே நின்றுவிடலாம். ஜியோவிலும் ஏர்டெலிலும் 2024 ஜூலைக்குப் பிறகு, நாளொன்றுக்கு 2 ஜிபி அல்லது அதற்கு மேல் தரும் பேக்குகளுக்கே அளவில்லாத 5ஜி என்று வரம்பு வைத்தார்கள். உங்கள் வீட்டில் உண்மையில் எவ்வளவு டேட்டா செலவாகிறது என்பதை போனின் செட்டிங்ஸ் பகுதியிலேயே பார்க்கலாம். அதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு நன்றாக எடுக்கிறது என்று நம்புவது

செலவைவிட அதிகம் வருத்தம் தருவது இந்தத் தவறு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சேலம் நகரம் ஒரு கிண்ணத்துக்குள் இருக்கிறது. வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோடுமலை, வடகிழக்கே சேர்வராயன் மலைத்தொடர். டவரிலிருந்து வரும் அலைகள் மலையைத் துளைத்துக்கொண்டு வருவதில்லை. நடுவில் ஒரு பாறை முகடு நின்றால் அதன் மறுபுறம் நிழல் விழுந்துவிடும். ஐந்து ரோட்டிலும் புதிய பஸ் நிலையத்திலும் எல்லா நிறுவனங்களுக்கும் டவர்கள் நெருக்கமாக இருப்பதால் வேறுபாடு தெரியாது. மலையடிவாரக் குடியிருப்புகளுக்கும் ஊரின் ஓரங்களுக்கும் போகப் போகத்தான் ஒரு நிறுவனத்துக்கும் இன்னொன்றுக்கும் உள்ள இடைவெளி வெளிப்படும்.

ஏற்காட்டுச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ஒரு வளைவில் சேலத்து டவர்கள் நேராகத் தெரியும், அடுத்த வளைவில் மலை மறைத்துவிடும். போன் அடிக்கடி டவரைத் தேடிக்கொண்டே இருப்பதால் பேட்டரியும் வேகமாக இறங்கும். மேலே ஏரியைச் சுற்றி நன்றாக எடுக்கும் சிம், நாகலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தின் சரிவில் இறங்கியதும் செத்துப்போகலாம். சில்வர் ஓக் மரங்கள் அடர்ந்து நிற்கும் பள்ளத்தில், மழை ஈரத்தோடு இலைகள் இருக்கும் காலத்தில் சிக்னல் மேலும் குறையும். அங்கே வேலை செய்யும் பெண்கள் கையில் இருக்கும் ஒரே போன் அதுதான். வழுக்கி விழுந்தாலும் பாம்பு கடித்தாலும் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டியது அந்தப் பள்ளத்திலிருந்துதான், ஏரிக்கரையிலிருந்து இல்லை.

சமவெளியிலும் கட்டடம் ஒரு காரணம். தகரக் கூரை போட்ட தறிக்கூடத்துக்குள் சிக்னல் சட்டென்று இறங்கும், ஏனென்றால் உலோகத் தகடு அலைகளைத் தடுக்கும். மொட்டை மாடியில் நான்கு கோடு காட்டும் போன், கீழே உள்ளறையில் ஒரு கோடு காட்டுவதும் இப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரர் மாடியில் குடியிருக்கலாம், நீங்கள் தரைத்தளத்தில் இருக்கலாம். அவருடைய அனுபவம் உங்களுக்குப் பொருந்தாது.

டிராயின் 2024 விதிகளின்படி நிறுவனங்கள் தங்கள் சேவைப் பரப்பைக் காட்டும் வரைபடங்களைத் தங்கள் இணையதளத்தில் வெளியிட்டிருக்கின்றன. அவற்றைப் பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் வீட்டு உள்ளறையும் தோட்டத்துச் சரிவும் வரைபடத்தில் தனியாகத் தெரியாது.

சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. இப்போதுள்ள எண்ணைத் தொடாமல், மாற நினைக்கும் நிறுவனத்தில் ஒரு புது சிம் வாங்கி, போனின் இரண்டாவது சிம் இடத்தில் போட்டு, ஒரு பேக் காலம் முழுவதும் பயன்படுத்துங்கள். தூங்கும் அறையில், வேலை செய்யும் இடத்தில், தினமும் போகும் பஸ் தடத்தில், மாமியார் ஊரில் என எல்லா இடத்திலும் அழைத்துப் பாருங்கள். அழைப்பு வருகிறதா என்பதையும் பாருங்கள். வெளியே போவதைவிட உள்ளே வருவதுதான் பல நேரம் தவறும்.

கோடுகளின் எண்ணிக்கையை மட்டும் நம்பவும் வேண்டாம். சிக்னல் எவ்வளவு வலுவாக வருகிறது என்பதைத்தான் ஏறக்குறைய அது காட்டும், அந்த டவரில் எத்தனை பேர் நெருக்கியடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதைக் காட்டாது. ஏற்காட்டில் கடை வைத்திருப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். மே மாதக் கோடை விழா நாட்களில் நான்கு கோடு இருக்கும், க்யூஆர் கோடில் பணம் மட்டும் போகாது. ஆகவே செவ்வாய்க்கிழமை காலையில் சோதித்துவிட்டுத் திருப்தி அடையாமல், ஞாயிற்றுக்கிழமை மாலையிலும் சோதியுங்கள். மின்சாரம் போன நேரத்திலும் பாருங்கள். டவர்கள் அப்போது பேட்டரியிலோ ஜெனரேட்டரிலோ ஓட வேண்டும். எந்த நிறுவனத்தின் டவர் உங்கள் பகுதியில் மின்வெட்டுக்குத் தாக்குப்பிடிக்கிறது என்பது மழைக்காலத்தில் மலையில் இருப்பவர்களுக்குக் கட்டணத்தைவிட முக்கியம்.

போன் ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்காமல் விடுவது

சிக்னல் இல்லை என்று நாம் திட்டும் பல இடங்களில் குறை போனிலோ சிம்மிலோ இருக்கிறது. பிஎஸ்என்எல்லை எடுத்துக்கொள்வோம். உள்நாட்டிலேயே உருவாக்கிய அதன் 4ஜி சேவை 2025 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதும் முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது. அலமாரியில் கிடந்த பழைய 3ஜி காலத்து பிஎஸ்என்எல் சிம்மை எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, நெட் வரவில்லை என்று முடிவு கட்டினால் அது தவறான சோதனை. 4ஜி-க்கான சிம்மாக மாற்றிக்கொண்டால்தான் 4ஜி கிடைக்கும். அதேபோல பிஎஸ்என்எல் 4ஜி-க்குப் பயன்படுத்தும் அலைவரிசைகளில் 700 மெகாஹெர்ட்ஸ் முக்கியமானது. தாழ்ந்த அலைவரிசை என்பதால் தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். போன் விவரக் குறிப்பில் இது பேண்ட் 28 என்று இருக்கும். சில பழைய 4ஜி போன்களில் இந்தப் பேண்ட் இல்லை. அந்தப் போனை வைத்துக்கொண்டு டவருக்குக் கீழேயே நின்றாலும் அந்த அலைவரிசை உங்களுக்குக் கிடைக்காது.

பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. ஜியோவில் 2ஜி, 3ஜி சேவையே கிடையாது. அதன் அழைப்புகள் 4ஜி வழியாகவே, வோல்ட்டி முறையில் செல்பவை. சாதாரண 2ஜி பட்டன் போனில் ஜியோ சிம் வேலை செய்யாது. ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களும், புதிய நிறுவனத்தின் வோல்ட்டி தங்கள் போன் மாடலில் இயங்குகிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இயங்காவிட்டால், 2ஜி உள்ள நிறுவனத்தில் அழைப்பு பழைய தொழில்நுட்பத்துக்கு இறங்கும், பேசி முடிக்கும்வரை நெட் நின்றுவிடும்.

முக்கிய எண்ணை முதலிலேயே போர்ட் செய்வது

எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் இருக்கிறது. இப்போது அது மிக எளிதாகிவிட்டது. அந்த எளிமைதான் சிலரை அவசரப்பட வைக்கிறது. ஒருமுறை போர்ட் செய்தால் 90 நாளைக்கு வேறெங்கும் போர்ட் செய்ய முடியாது. புதிய இடத்தில் சிக்னல் வராவிட்டால் மூன்று மாதம் அதோடுதான் வாழ வேண்டும். வங்கி, ஆதார், காஸ், பள்ளிக் குழு எல்லாம் அந்த ஒரு எண்ணில் இருக்கும்போது ஓடிபி வராத மூன்று மாதம் என்பது மிகவும் நீளம்.

நடைமுறை இதுதான்: பழைய சிம்மிலிருந்து PORT என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். எஸ்எம்எஸ் வசதி இல்லாத பேக் போட்டிருந்தாலும் இந்தச் செய்தியை அனுப்ப வழி இருக்க வேண்டும் என்று டிராய் 2021-லேயே உத்தரவிட்டிருக்கிறது. பதிலாக எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் எட்டு எழுத்துகள் கொண்ட குறியீடு வரும். தமிழ்நாட்டில் அது நான்கு நாள் செல்லும். ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் என்றால் மூன்று வேலை நாட்களுக்குள் மாற்றம் நடக்கும். மனம் மாறினால் கோரிக்கை கொடுத்த 24 மணி நேரத்துக்குள் CANCEL என்று தட்டி, எண்ணைச் சேர்த்து அதே 1900-க்கு அனுப்பி நிறுத்தலாம். சிம் தொலைந்து புதிதாக மாற்றியவர்கள் ஏழு நாள் காத்திருக்க வேண்டும், 2024 ஜூலை 1 முதல் உள்ள விதி இது.

பழைய சிம்மில் மீதமிருக்கும் பேக்கும் இருப்புத் தொகையும் புதிய இடத்துக்கு வராது. தள்ளுபடியில் ஓராண்டுப் பேக் போட்டுவிட்டு இரண்டாம் மாதமே போர்ட் செய்தால் பத்து மாதப் பணம் போய்விடும். அதற்காகப் பேக் முடிந்து, எண் முடங்கும்வரை காத்திருப்பதும் சரியில்லை. குறியீடு வர வேண்டியது பழைய சிம்முக்குத்தான். 2018-இல் ஏர்செல் சேவை முடங்கியபோது அந்தக் குறியீட்டை வாங்கக்கூடச் சிக்னல் கிடைக்காமல் தமிழ்நாடு முழுவதும் மக்கள் அலைந்தது நினைவிருக்கும். பேக் முடிய ஒரு வாரம் இருக்கும்போது தொடங்குவது நல்லது.

போஸ்ட்பெய்டு எண் என்றால் பாக்கி முழுவதையும் கட்டிவிட்டே கேட்க வேண்டும், இல்லாவிட்டால் கோரிக்கை நிராகரிக்கப்படும். அடுத்து, எண் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். நம் வீடுகளில் பாதி சிம்கள் அப்பா பெயரிலோ மாமா பெயரிலோ இருக்கும். அடையாளச் சரிபார்ப்புக்கு அந்தப் பெயருக்கு உரியவரே கடைக்கு வர வேண்டியிருக்கும். உங்கள் பெயரில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம்.

சிம் மாறும் நேரத்தில் சில மணி நேரம் சேவை இருக்காது. புதிய சிம் போட்ட பிறகு யுபிஐ செயலிகள் எண்ணை மறுபடியும் சரிபார்க்கச் சொல்லும். அதற்கு அந்தச் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போயாக வேண்டும். அன்று மருத்துவமனைக் கட்டணம், கல்லூரிக் கட்டணம், நூல் வியாபாரிக்குப் பணம் என்று எதுவும் இல்லாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள், கையில் கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை மாலை கொடுத்தால் வேலை நாள் கணக்கு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும்.

அந்த எட்டு எழுத்துக் குறியீட்டைப் புதிய சிம் தரும் கடையில் தவிர வேறு யாரிடமும் சொல்லாதீர்கள். 5ஜி-க்கு மாற்றித் தருகிறோம், சரிபார்ப்பு முடியவில்லை என்று போனில் கேட்பவர் யாராக இருந்தாலும் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். உங்கள் எண்ணை வேறொருவர் தன் கைக்கு மாற்றிக்கொண்டால் வங்கிச் செய்திகள் அவருக்குப் போகும்.

மலையில் இருக்கும் குடும்பங்களுக்கு என் பரிந்துரை ஒன்று. வீட்டில் எல்லோரும் ஒரே நிறுவனத்துக்கு மாற வேண்டாம். ஒருவர் எண்ணாவது வேறு நிறுவனத்தில் இருக்கட்டும். இரண்டு சிம் போன் என்றால், வங்கி எண்ணைப் பழைய இடத்திலேயே பேச்சுப் பேக்கில் வைத்துக்கொண்டு, டேட்டாவுக்கு மட்டும் மலிவான சிம்மைப் பயன்படுத்தலாம். சோதனைக்கு வாங்கிய சிம் பிடிக்கவில்லை என்றாலும் உடனே தூக்கி எறிய வேண்டாம். 90 நாள் பயன்படுத்தாமல் இருந்தால்தான் எண்ணைத் துண்டிக்க முடியும், கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு மேலும் 30 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது டிராய் விதி. உங்கள் பகுதியில் புதிய டவர் வந்தால் அதே சிம்மில் மறுபடியும் அழைத்துப் பார்க்கலாம்.