சொந்தத் தொகுப்பில் உள்ள எண்களை ஜாவாவில் எக்ஸ்எம்எல் ஆக்குவது எப்படி?

சாதாரண இன்ட் அரேயை எக்ஸ்எம்எல் ஆக்க, ஜாவா பொருள்களை எக்ஸ்எம்எல்லாகவும் திரும்பவும் மாற்றும் நூலகமான ஜாக்ஸ்-பிக்கு நாம் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொகுப்பை நாமே எழுதும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. உள்ளே 10 இடம் கொண்ட ஒரு இன்ட் அரே, நிரம்பிய இடங்களை எண்ணும் ஒரு மாறி, வெளியே 'சேர்', 'எடு', 'எத்தனை' என்ற மூன்று மெத்தட்கள். இந்த கிளாஸை எண்பட்டி என்று அழைப்போம். நமக்கு வேண்டிய விளைவு இது:

<பதிவு>
  <அளவுகள்>
    <அளவு>12</அளவு>
    <அளவு>7</அளவு>
  </அளவுகள்>
</பதிவு>

ஜாவாவும் எக்ஸ்எம்எல்லும் தமிழ்ப் பெயர்களை ஏற்கும். கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமித்து, கம்பைலரும் அதை யூடிஎஃப்-8 ஆகவே படிக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: நூலகம்

ஜாவா 11 முதல் ஜாக்ஸ்-பி ஜேடிகேயில் இல்லை. மேவனில் ஜகார்த்தா எக்ஸ்எம்எல் பைண்டிங் ஏபிஐ, ஜாக்ஸ்-பி ரன்டைம் இரண்டையும் 4.0 வரிசையில் சேருங்கள். ஜாக்ஸ்-பிக்கான எல்லா இம்போர்ட் வரிகளும் 'ஜகார்த்தா' என்றே தொடங்க வேண்டும். பழைய 'ஜாவாஎக்ஸ்' வரியிலிருந்து வந்த அனோடேஷன் (@ குறியோடு எழுதும் குறிப்பு) புதிய ரன்டைமின் கண்ணில் படாது. பழைய நூலகமும் கூடவே இருந்தால் கம்பைல் ஆகிவிடும், ஓட்டும்போதுதான் 'ரூட் எலிமென்ட் அனோடேஷன் இல்லை' என்று நிற்கும்.

படி 2: நேராகக் கொடுத்தால் என்ன ஆகும்?

பதிவு என்ற கிளாஸில் 'அளவுகள்' என்ற ஃபீல்டாக எண்பட்டியை அப்படியே கொடுத்துப் பாருங்கள். பிழை எதுவும் வராது, ஆனால் 'அளவுகள்' காலியாக இருக்கும். ஜாக்ஸ்-பி தேடுவது கெட்டர், செட்டர் இணைகளையும் பப்ளிக் ஃபீல்டுகளையும்தான். எண்பட்டியில் இரண்டும் இல்லை.

அரேலிஸ்டை நீட்டித்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். அந்த கிளாஸே ரூட்டாக இருந்தால் உறுப்புகள் எழுதப்படாது. ஒரு ஃபீல்டாக இருந்தால் உறுப்புகள் வரும், நீங்கள் கூடுதலாகச் சேர்த்த ஃபீல்டுகள் சத்தமில்லாமல் தொலையும்.

படி 3: பாலம்

எண்பட்டிக்கும் எக்ஸ்எம்எல்லுக்கும் நடுவே 'எண்வடிவம்' என்று சிறு கிளாஸ் ஒன்று எழுதுங்கள். அதில் 'அளவு' என்ற பப்ளிக் இன்ட் அரே மட்டும் போதும். ஜாக்ஸ்-பி ஒவ்வோர் எண்ணுக்கும் தனி எலிமென்ட் எழுதும். எல்லாம் ஒரே எலிமென்டில் இடைவெளி விட்டு வர வேண்டுமானால் ஃபீல்டின் மேல் எக்ஸ்எம்எல்-லிஸ்ட் அனோடேஷனைப் போடுங்கள்.

படி 4: அடாப்டர்

இந்த வேலையின் உயிரே இங்கேதான். எண்பட்டியை எண்வடிவமாகவும் திரும்பவும் மாற்ற, எக்ஸ்எம்எல்-அடாப்டரை நீட்டித்து ஒரு கிளாஸ் எழுதுங்கள். அதன் முதல் வகை எண்வடிவம், இரண்டாவது எண்பட்டி. இந்த வரிசை மாறக்கூடாது.

எக்ஸ்எம்எல் எழுதும்போது ஓடும் மார்ஷல் மெத்தடில் உள் அரேயை முழுதாகக் கொடுத்தால் 12, 7 இரண்டுக்கும் பின்னால் எட்டு பூஜ்யங்கள் சேர்ந்து வெளியே போகும். அவை உண்மையான அளவுகளா, காலி இடங்களா என்று வாங்குபவருக்குத் தெரிய வழியே இல்லை. ஆகவே அரேஸ் கிளாஸின் காப்பி-ஆஃப் கொண்டு நிரம்பிய அளவுக்கு மட்டும் நகலெடுங்கள்.

திரும்பப் படிக்கும்போது ஓடும் அன்மார்ஷல் மெத்தடில் 'அளவு' எலிமென்ட் ஒன்றுகூட இல்லாவிட்டால் அரே 'நல்' (எந்தப் பொருளையும் சுட்டாத மதிப்பு) ஆக இருக்கும். அதைச் சோதித்துவிட்டு, காலி எண்பட்டியைத் திருப்பிக் கொடுங்கள். மார்ஷலுக்கும் 'நல்' வரலாம். அப்போது 'நல்' மதிப்பையே திருப்புங்கள்.

படி 5: இணைப்பு

பதிவு கிளாஸின் மேல் ரூட் எலிமென்ட் அனோடேஷன், 'அளவுகள்' ஃபீல்டின் மேல் ஜாவா-டைப்-அடாப்டர் அனோடேஷன். ஃபீல்டுக்கு கெட்டர், செட்டர் இருந்தால் 'ஒரே பெயரில் இரண்டு ப்ராப்பர்ட்டிகள்' என்ற பிழை வரும். கிளாஸின் அக்சசர் வகையை ஃபீல்ட் என்று குறித்தால் தீரும். அளவுரு இல்லாத கன்ஸ்ட்ரக்டரும் வேண்டும். ரூட் பொருளுக்கு அடாப்டர் இயங்காது; அதனால்தான் எண்பட்டியைப் பதிவுக்குள் வைத்தோம்.

படி 6: ஓட்டம்

பதிவு கிளாஸுக்கு ஜாக்ஸ்-பி கான்டெக்ஸ்ட் ஒன்றை உருவாக்கி, அதிலிருந்து மார்ஷலரைப் பெற்று எழுதுங்கள். கான்டெக்ஸ்டை உருவாக்க நேரம் பிடிக்கும். ஒருமுறை உருவாக்கி எல்லா த்ரெட்களிலும் பகிரலாம். மார்ஷலரைப் பகிரக்கூடாது.

எழுதியதை அன்மார்ஷலரால் திரும்பப் படித்து, எண்ணிக்கையும் வரிசையும் பொருந்துகின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். இதே முறை லாங், டபிள் வகைகளுக்கும் அப்படியே பொருந்தும். பைட் அரே மட்டும் தனித்தனி எலிமென்டாக வராமல் பேஸ்64 எழுத்துக்கோவையாக வரும். கேர் வகையும் எழுத்தாக வராது, அதன் எண்ணாக வரும். அங்கே பாலத்தில் ஸ்ட்ரிங் அரேயை வையுங்கள்.