மர வேலைக் கோட்டேஷனில் கோட்டைவிடும் இடங்கள்

புது ஃபிளாட்டுக்குப் பத்திரச் செலவு, வங்கிக் கடன், பராமரிப்பு வைப்புத்தொகை என்று பைசா சுத்தமாகக் கணக்குப் போடுகிறவர்கள்கூட, உள்ளலங்காரம் என்று வந்ததும் "ஐந்து லட்சத்துக்குள் முடித்துவிடலாம்" என்று வாய்க்கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். அந்த ஐந்து ஏழாகும்போது பழி ஆசாரியின் தலையில் விழுகிறது. என்னைக் கேட்டால், பாதித் தவறு கோட்டேஷனைப் படித்த விதத்தில்தான் இருக்கிறது.

முதல் இடறல், சதுர அடி. ஒருவர் சதுர அடிக்கு 1,400 ரூபாய் கேட்கிறார், இன்னொருவர் 500 என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உடனே இரண்டாமவர் மலிவு என்று முடிவுகட்டிவிடுவோம். முன்னவர் அளப்பது அலமாரியின் முகப்பை மட்டும்: அகலம் 7 அடி, உயரம் 7 அடி என்றால் 49 சதுர அடி, 68,600 ரூபாய். பின்னவரோ உள்ளே போகும் ஒவ்வொரு பலகையையும் அளப்பார். ஆழம் 2 அடி என்றால் இரு பக்கங்கள் 28, மேலும் கீழும் 28, கதவுகள் 49, முதுகுப் பலகை 49, நடுத்தடுப்புகள் இரண்டு 28, தட்டுகள் ஆறு 28. ஆக 210 சதுர அடி, 1,05,000 ரூபாய். இரண்டுமே வழக்கில் உள்ள முறைகள்தான், யாரும் ஏமாற்றவில்லை. எதை அளக்கிறார்கள் என்று கேட்காமல் விலையை மட்டும் ஒப்பிட்டதுதான் பிழை. மேலே வரும் பரண் இந்தக் கணக்கில் சேர்ந்ததா, தனியா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, தாளின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் "ஹார்டுவேர் தனி". சத்தமில்லாமல் மூடும் கீல்கள், இழுப்பறை சேனல்கள், சமையலறையின் தட்டுக் கூடைகள், கைப்பிடிகள், பூட்டுகள் எல்லாம் அந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடுகின்றன. அதற்குப் பக்கத்திலேயே "வரி தனி" என்றும் இருக்கும். ஜிஎஸ்டி 18 சதவீதம் என்றால் ஐந்து லட்சத்துக்கு 90,000 ரூபாய். பில் வேண்டாம் என்று சொல்லி இதை மிச்சப்படுத்தலாம் என்று நினைப்பவர்கள், பலகைமேல் ஒட்டிய லேமினேட் தாள் பிரிந்து வரும்போது எதைக் காட்டி உத்தரவாதம் கேட்பார்கள் என்று யோசிப்பதில்லை.

பிளைவுட்டில் இரண்டு வகைத் தவறும் நடக்கிறது. ஐஎஸ் என்பது இந்தியத் தரக் குறியீடு. அதில் ஐஎஸ் 710 தரம், அதாவது மரைன் பிளைவுட், ஈரம் படும் இடங்களுக்கானது. பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழும், குளியலறைச் சுவரை ஒட்டியும் அதற்குக் கொடுக்கும் காசு வீண்போகாது. காய்ந்த படுக்கையறைச் சுவரில் நிற்கும் அலமாரிக்குப் பொதுப் பயன்பாட்டுக்கான ஐஎஸ் 303 வகையே போதும். "எல்லாம் 710தான் சார்" என்று பெருமையாகச் சொல்வதற்கு நாம் கொடுக்கும் விலை அதிகம். இதற்கு நேர்மாறாக, தொட்டியின் கீழ் மரத்துகள்களை ஒட்டி அழுத்திய பார்ட்டிகிள் போர்டு போட்டால் ஒரு குழாய்க் கசிவிலேயே ஊதிவிடும்.

வேலையின் வரிசை தவறினாலும் பணம் போகும். சுவரில் நீர்க்கசிவு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். பிறகு மின்சாரப் பாயிண்டுகள், அதன் பிறகு மர வேலை, கடைசிக் கோட் பெயின்ட் எல்லாவற்றுக்கும் பின்னால். அலமாரி நின்ற பிறகு அதன் முதுகுக்குப் பின்னால் சுவிட்ச் போர்டு மாட்டிக்கொண்டதைக் கண்டுபிடிப்பது இங்கே சகஜம். ஃபால்ஸ் சீலிங் பற்றி ஒரு வார்த்தை: பத்தடிக்கும் குறைந்த கூரையில் அரை அடியை விழுங்கிவிட்டுத் தூசி சேர்க்கும் அந்தச் செலவை நான் முதலில் வெட்டுவேன்.

செலவை ஏற்றிவிடுவதில் கிரகப்பிரவேச நாளுக்குப் பெரும் பங்கு உண்டு. தையிலோ வைகாசியிலோ முகூர்த்தம் குறித்துவிட்டு, அதற்குள் டிவி யூனிட், பூஜை அலமாரி, ஷோகேஸ் என எல்லாம் முடிய வேண்டும் என்றால் கிடைத்த ஆளை, கேட்ட கூலிக்கு வைக்க வேண்டியதுதான். பால் காய்ச்ச அடுப்பு, தண்ணீர், விளக்கு, மின்விசிறி இருந்தால் போதும். மற்றவை ஆடித் தள்ளுபடி வரைகூடக் காத்திருக்கலாம். சில மாதங்கள் குடியிருந்து பார்த்தால் அந்த ஷோகேஸே தேவையில்லை என்று தோன்றக்கூடும்.

பட்டியலில் இடம்பெறாமலே போகும் சில: கொசுவலை, கீசர், துணி காயப்போடும் கம்பி, திரைச்சீலை. திரைச்சீலை மடிப்போடு விழ ஜன்னல் அகலத்தைப் போல் இரண்டு மடங்காவது துணி வேண்டும். தையல் கூலியும் கம்பியும் தனி. கட்டிலைத் தச்சரிடம் செய்யச் சொன்னால், மெத்தைக் கடையில் வழக்கமாகக் கிடைக்கும் 78க்கு 72 அல்லது 75க்கு 60 அங்குல அளவிலேயே செய்யச் சொல்லுங்கள். சோஃபாவுக்கு முன்பணம் கொடுக்குமுன் லிஃப்ட்டின் கதவை அளந்துவிடுங்கள்.

வட்டியில்லாத் தவணை என்ற விளம்பரத்தை நம்பிப் பட்ஜெட்டை நீட்டுவதும் வேண்டாம். பெரும்பாலும் செயலாக்கக் கட்டணம் இருக்கும். கிரெடிட் கார்டு என்றால், வங்கி போட்டு, தள்ளுபடியாகக் கழிக்கப்படும் வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டியும் சேரும். ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று அதே கடையில் கேட்டுப் பாருங்கள்.

எதிர்பாராத வேலைகளுக்கென மொத்தத்தில் பத்துப் பதினைந்து சதவீதத்தை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். முன்பணத்தை அளவோடு கொடுத்து, மீதியை வேலை நகர நகரக் கொடுங்கள். கடைசிப் பத்து சதவீதத்தை மட்டும் இழுப்பறைகள் எல்லாம் தடையில்லாமல் ஓடி, கதவுகளின் இடைவெளி நேராகி, ஒட்டாத விளிம்புப் பட்டைகளை ஒட்டி முடிக்கும்வரை கையிலேயே வைத்திருங்கள்.