மன்னார்த் தீவைக் கரையோடு நடக்க: முதலில் காற்றைக் கேளுங்கள்

இலங்கையின் மன்னார்த் தீவுக்கு ஆட்களை நடக்கக் கூட்டிப்போன முதல் வருடமே நன்றாக மாட்டிக்கொண்டேன். ஆடி மாதம், தென்கரை. அடம்பனில் வயல்வெளியில் வளர்ந்த எனக்குக் கடற்காற்றைப் பற்றி என்ன தெரியும்? சோளகம் என்ற தென்மேற்குக் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. பத்து மணிக்கே மூன்று பேர் றோட்டுக்கு ஏறி பஸ் பிடித்துவிட்டார்கள். வாடிக்குள், அதாவது மீனவர் குடிசைக்குள், வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “தம்பி, காத்தைக் கேக்காமலோ ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்தனீர்?” என்றார். அன்றிலிருந்து அவர்தான் எங்களுக்கு வழிகாட்டி.

தீவு தென்கிழக்கிலிருந்து வடமேற்காக ஏறத்தாழ 26 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. வைகாசி தொடங்கி புரட்டாதி வரை சோளகம். அப்போது பேசாலைப் பக்கமான வடகரையில் நடவுங்கள். கார்த்திகைக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து வாடை, அப்போது தென்கரை. மீனவர்கள் வாடியைப் பிரித்துக் கரை மாறுவதும் இதே கணக்கில்தான். என்னைக் கேட்டால் மாசி மாதம். மழை விட்டிருக்கும், வங்காலைச் சதுப்பில் பூநாரைகள் இன்னும் நிற்கும்.

இரண்டு நாள் போதும். முதல் நாள் விடியவே தலைமன்னார் இறங்குதுறைக்குப் போய்விடுங்கள். 1990இல் நின்ற ரயில் 2015இல் திரும்ப வந்துவிட்டது. மன்னாரிலிருந்து பஸ்ஸும் உண்டு. 1914 முதல் தனுஷ்கோடிக்குக் கப்பல் போன துறை இது. இப்போது பழைய இறங்குதுறைப் பாலத்தின் தூண்களும் வெளிச்சவீடும்தான். அங்கிருந்து இராமர் பாலத்து மணல்திட்டுகளுக்குப் படகில் போக ஆசை வரும். அது தேசிய பூங்கா, அனுமதியில்லாமல் கால் வைக்க முடியாது. இந்தப் பயணத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நடக்கும் விதம் ஒன்று இருக்கிறது. உலர்ந்த மணலில் நடந்தால் ஒரு மணித்தியாலத்தில் கெண்டைக்கால் இழுத்துவிடும். அலை வந்து திரும்பிய ஈரக்கோட்டில் நடவுங்கள், அங்கே மணல் இறுகியிருக்கும். ஆனால் கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் இருக்கும். இடுப்பு நோகத் தொடங்கினால் மேலே அடம்பன்கொடி படர்ந்த மேட்டில் கொஞ்சத் தூரம் போங்கள். (எங்கள் ஊருக்குப் பெயர் தந்த கொடி என்பதால் நான் அதை மிதிப்பதில்லை.) இராவணன் மீசைப் புல் காலில் குத்தும், வெறுங்காலோடு போகாதீர்கள்.

கரைவலை இழுக்கிறவர்களைக் கண்டால் கயிற்றைத் தாண்டாதீர்கள். தளர்ந்து கிடக்கிற கயிறு ஒரு நொடியில் விறைத்துக் காலைத் தட்டிவிடும். சுற்றிப் போங்கள், இல்லாவிட்டால் நீங்களும் ஒரு கை கொடுங்கள். நாங்கள் ஒருமுறை அரை மணி நேரம் இழுத்ததற்கு வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஒரு கோர்வை சூடை மீன் தந்தார். அன்றிரவு பேசாலையில் அதுதான் கறி.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லீற்றர். நடுவில் கடை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

இரண்டாம் நாள் பள்ளிமுனைப் பெருக்குமரத்தோடு (பாவோபாப்) முடியும். கிளையைவிட அடிமரம்தான் பார்க்க வேண்டியது; நாங்கள் ஆறு பேர் கைகோர்த்தும் பாதிகூட எட்டவில்லை. மன்னார் நகரத்துக் கழுதைகள் சாதுவானவை. இரவு செருப்பை வெளியே விடலாம், பாண் பையை விடாதீர்கள்.