பெர்தியாயெவின் பண்பாட்டுத் தத்துவம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெயரை எப்படி எழுதுவது, எந்த நூலில் தொடங்குவது போன்ற சில்லறைக் குழப்பங்களை விட்டுவிடுகிறேன். ரஷ்யத் தத்துவஞானி நிக்கோலாய் பெர்தியாயெவைப் (1874–1948) புதிதாகப் படிக்க வருகிறவர்கள் விழுகிற குழிகள் வேறு.

‘பண்பாடு ஒரு தோல்வி’ என்பதை மட்டும் கத்தரித்து எடுப்பது

எனக்கு இன்னமும் எரிச்சல் மூட்டுவது இதுதான். அண்மையில்கூட ஒருவர் கட்டுரை வரைவு காட்டினார். முதல் பத்தியிலேயே பெர்தியாயெவைப் ‘பண்பாட்டின் எதிரி’ என்று முத்திரை குத்திவிட்டு, மீதி வாதம் முழுவதையும் அதன் மேலேயே கட்டியிருந்தார், மொத்தமும் வீண். 1916இல் வந்த ‘படைப்பின் பொருள்’ சொல்வது இது: படைப்பவன் ஆசைப்படுவது புதிய உலகத்துக்கு, புதிய இருப்புக்கு, கடைசியில் கையில் மிஞ்சுவது ஒரு கவிதை, ஓர் ஓவியம், ஒரு சட்டம். அந்த ஏமாற்றத்தைத்தான் தோல்வி என்கிறார். அதே நூலில் கவிஞர் புஷ்கினையும் துறவி சரோவ் செராஃபிமையும் அருகருகே நிறுத்துகிறார், ஒரே காலத்தில் வாழ்ந்தும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். புஷ்கின் எழுத்தை விட்டுவிட்டு செராஃபிம் மாதிரி புனிதராகியிருந்தால் நன்றாக இருந்திருக்குமா என்று கேட்டு, இல்லை, மேதையின் வழியும் கடவுளிடம் போகிற வழிதான் என்கிறார். எதிரி பேசுகிற பேச்சா இது?

அப்புறம் 1917இன் ரஷ்யப் புரட்சி வருகிறது. 1918இல் எழுதி 1923இல் பெர்லினில் வெளியான ‘சமத்துவமின்மையின் தத்துவ’த்தில் அதே ஆள் பண்பாட்டுக்குக் காவல் நிற்கிறார்: அது வழிபாட்டில் பிறந்தது, முன்னோரை மறந்தால் நிலைக்காது, படிநிலை இல்லாமல் வளராது. 1939இலோ, பண்பாட்டு மதிப்புகளே சிலைகளாகி மனிதனை அடிமையாக்கும் என்று எச்சரிக்கிறார். மூன்றையும் ஆண்டு போடாமல் ஒரே பக்கத்தில் ஒட்டினால் மனிதர் உளறுகிறார் என்றுதான் தோன்றும். எழுதிய ஆண்டு, வெளிவந்த ஆண்டு இரண்டையும் மேற்கோளுக்குப் பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.

ஸ்பெங்க்ளரின் சீடராக்குவது

ஸ்பெங்க்ளர் ‘மேற்கின் வீழ்ச்சி’ எழுதிய ஜெர்மன் சிந்தனையாளர். பண்பாடு தளர்ந்து நாகரிகமாகிறது, அதாவது உயிர்ப்பு போய் வெறும் இயந்திர வாழ்வாகிறது என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகிறது, சரி. 1922இல் மாஸ்கோவில் ஸ்பெங்க்ளர் பற்றி வந்த தொகுப்பில் பெர்தியாயெவும் எழுதினார். லெனினுக்கு அந்தத் தொகுப்பு துளியும் பிடிக்கவில்லை. அதே ஆண்டு பெர்தியாயெவை நாடுகடத்தினார்கள். ஆனால் ஸ்பெங்க்ளர் நிறுத்துகிற இடத்தில் இவர் நிறுத்துவதில்லை. காட்டுமிராண்டி நிலை, பண்பாடு, நாகரிகம், இவற்றோடு சமய உருமாற்றம், அதாவது சமயத்தின் வழியே வாழ்வே மாறுவது என்று நான்காவதாக ஒன்றையும் வைக்கிறார். அதை விட்டுவிட்டுப் படித்தால் மிஞ்சுவது வெறும் புலம்பல்.

‘புதிய இடைக்காலம்’ (1924) தலைப்போடு நின்றுவிடுவது

ஐரோப்பாவின் பழைய இடைக்காலத்துக்கே திரும்பச் சொல்கிற நூல் இல்லை அது. உள்ளே போய்ப் படியுங்கள்.