குடும்பம் பற்றிய சமூகவியல் கட்டுரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமூகத்தில் குடும்பத்தின் பங்கு என்னும் தலைப்பில் கடலூர், புதுச்சேரி வட்டாரத்து மாணவர்கள் எழுதும் கட்டுரைகளில் கோட்பாடுகளின் பெயர்கள் வரிசை தவறாமல் வந்துவிடுகின்றன. எழுதுபவரின் தெருவில் வாழும் குடும்பம்தான் வருவதில்லை. கோட்பாடு என்பது குடும்பத்திடம் கேட்க வேண்டிய கேள்வி. அதையே விடையாக எழுதிவிடும்போதுதான் தவறுகள் தொடங்குகின்றன என்பது என் கருத்து.

முதன்மையான தவறு, ஒரே வீட்டில் வசிப்பவர்கள் மட்டுமே குடும்பம் என்று கொள்வது. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மூத்த மகன் நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டு நகரியத்தில் மனைவி மக்களோடு இருக்கிறார்; இளையவர் வளைகுடா நாட்டில் இருக்க, அவருடைய மனைவி மாமனார் மாமியாரோடு ஊரில் இருக்கிறார். ஒரே சமையலில் உண்பவர்களை ஓர் இல்லமாகக் கொள்ளும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவர்கள் வெவ்வேறு இல்லங்களாகவே பதிவாவார்கள். ஆனால் தோப்புக்குப் பாகப்பிரிவினை ஆகவில்லை. தங்கை மகளின் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீரை அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்தே செய்கிறார்கள். தந்தையின் மருத்துவச் செலவையும் இருவரும் பகிர்ந்துகொள்கிறார்கள். இக்குடும்பத்தைப் பார்த்துக் கூட்டுக் குடும்பம் சிதைந்துவிட்டது என்று எழுதுவது பிழை. குஜராத்தின் மகுவா நகரில் ஆய்வு செய்து 1964இல் முடிவுகளை வெளியிட்ட சமூகவியலாளர் ஐ. பி. தேசாய், கூட்டுத்தன்மையை அளக்கச் சொத்து, வருமானம், ஒருவருக்கொருவர் ஆற்றும் கடமைகள் ஆகியவற்றைப் பார்த்தார். இன்னொரு சமூகவியலாளரான ஏ. எம். ஷா இல்லம் வேறு, குடும்பம் வேறு என்று தெளிவாகப் பிரித்துக் காட்டினார். இதற்கு நேர்மாறாக, ஒரே வீட்டுக்குள் அடுப்பு பிரிந்து தனித்தனியே உலை வைக்கும் சகோதரர்களைக் கூட்டுக் குடும்பத்தில் சேர்த்துவிடுவதும் உண்டு. ஒரே கூரை, ஒரே அடுப்பு, பொதுச் சொத்து, பொது வழிபாடு, உறவு என மானிடவியலாளர் ஐராவதி கார்வே 1953இல் தந்த வரையறையை முழுமையாகப் படித்தவருக்கு இந்தக் குழப்பம் வராது.

அக்காலத்தில் எல்லோரும் கூட்டுக் குடும்பமாகவே வாழ்ந்தார்கள் என்று தொடங்குவதையும் விட்டுவிட வேண்டும். பிரித்துக்கொள்ள நிலமே இல்லாத கூலிக் குடும்பங்களுக்குச் சேர்ந்திருப்பதற்கான காரணம் எப்போதும் குறைவு. மேலும், மகனுக்குத் திருமணமானால் இல்லம் பெருகும், தந்தை காலமானால் பிரியும், பிரிந்தது மறுபடியும் பெருகும். இந்தச் சுழற்சியில் ஒரு கணத்தை மட்டும் பார்த்துவிட்டு அதை வரலாற்று மாற்றம் என்று அறிவித்துவிடக் கூடாது.

அடுத்து, ஒவ்வோர் அமைப்பும் சமூகத்துக்கு என்ன பணி செய்கிறது என்று பார்க்கும் மேலை நாட்டுச் செயற்பாட்டியலாளர்களின் கூற்றை எல்லா ஊருக்கும் பொருந்தும் விதியாக எழுதுவது. 250 சமூகங்களை ஒப்பிட்ட அமெரிக்க மானிடவியலாளர் ஜார்ஜ் மர்டாக், பாலுறவை ஒழுங்குபடுத்தல், இனப்பெருக்கம், பொருளாதாரம், கல்வி என்னும் நான்கு பணிகளைத் தனிக் குடும்பம் எங்கும் செய்கிறது என்று 1949இல் எழுதினார். கணவன் தனியே இருக்க, பெண்ணும் பிள்ளைகளும் தாய்வழி உறவினரோடு வாழ்ந்த கேரள நாயர் சமூகத்தின் பழைய தறவாட்டு முறை, மானிடவியலாளர் கேத்லீன் காஃபின் ஆய்வு வழியாக, இதற்கு வலுவான மறுப்பாக நின்றது. அமெரிக்கச் சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ் சொன்ன, கணவன் ஈட்ட மனைவி அரவணைக்கும் பங்கீடு அவர் காலத்து அமெரிக்க நடுத்தர வர்க்கத்துக்கு உரியது. அதைக் கடலூரின் மீனவர் ஊரான தேவனாம்பட்டினத்துக்குக் கொண்டுவந்தால் உடனே இடறும்; ஆண்கள் கடலிலிருந்து கொண்டுவரும் மீனை விலைபேசி விற்றுக் காசாக்கும் பெண்கள் அந்தக் குடும்பப் பொருளாதாரத்தின் நடுவில் இருக்கிறார்கள்.

மார்க்சியத்தையும் பெண்ணியத்தையும் குடும்பத்தின் எதிரிகளாக்கிக் கடைசி இரண்டு வரியில் தள்ளிவிடுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. குடும்பம் பயன் தருகிறது என்றால் அப்பயன் யாருக்கு, யாருடைய உழைப்பில் வருகிறது என்பதே அவற்றின் கேள்வி. 1884இல் எங்கெல்ஸ் குடும்ப அமைப்பைச் சொத்தின் வாரிசுரிமையோடு இணைத்தார். 1974இல் பெண்ணியச் சமூகவியலாளர் ஆன் ஓக்லி வீட்டு வேலையை உழைப்பாகவே வைத்து ஆராய்ந்தார். இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலை செய்வோரில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டதாகத் தெரிகிறது. மீன் விற்றுத் திரும்பும் பெண்ணுக்கு அடுப்படி காத்திருப்பதைச் செயற்பாட்டியம் மட்டும் வைத்து விளக்க முடியாது.

குடும்பம் இயற்கையாக அமைந்தது, சட்டத்துக்கும் அரசுக்கும் அதில் இடமில்லை என்று எண்ணுவோர் புதுச்சேரியைப் பார்க்க வேண்டும். பிரெஞ்சு ஆட்சியின் 1881ஆம் ஆண்டு ஆணைப்படி மத, சாதி வழக்கத்தைச் சார்ந்த தம் தனிச்சட்டத்தைத் துறந்த ரெனோன்சான்களின் (துறந்தவர்களின்) குடும்பங்களில், பிரெஞ்சு உரிமையியல் சட்டப்படி மகளுக்கும் மகனுக்கும் வாரிசுரிமை சமம். பக்கத்துத் தமிழ்நாட்டில் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கு 1989இல்தான் பங்குரிமை வந்தது. அதுவும் அதற்கு முன்பே மணமானவர்களுக்குக் கிடைக்கவில்லை. மொழியும் பழக்கவழக்கமும் ஒன்றாக இருக்கும் கடற்கரையில் எல்லைக்கோடு ஒரு மகளின் நிலையை மாற்றியிருக்கிறது.

கள ஆய்வுக்குச் செல்பவர்கள், "உங்களுடையது கூட்டுக் குடும்பமா?" என்று கேட்க வேண்டாம். பெருமைக்காகவோ கூச்சத்தாலோ வரும் பதில்தான் கிடைக்கும். யார் சமைக்கிறார், பணம் யார் அனுப்புகிறார், பத்திரத்தில் யார் பெயர், நோயாளியோடு மருத்துவமனையில் யார் தங்குகிறார் என்று கேளுங்கள். வீட்டுப் பெரியவரிடம் கேட்ட பிறகு, அதே கேள்விகளை மருமகளிடம் தனியாகவும் கேளுங்கள்.